ட்ரிப் ஆகிறது என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடலாமா?

வாசகி ஒருவர் எழுதியிருந்த கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் வீடு மன்னார்குடி பக்கம், 1994-ல் கட்டியது. 2016-ல் மாடி எடுத்தோம். அப்போதுதான் மாடி பாத்ரூமில் கீசர் வைத்தது. இந்த வருடம் பங்குனியில் சென்னையிலிருந்து வந்த மகன், கரண்ட் லீக் ஆனால் தானாகவே அணைத்துவிடுகிற ஆர்.சி.சி.பி. என்று ஒன்றை வாங்கி மெயின் பாக்ஸில் மாட்ட வைத்தான். ஐப்பசி வரை ஒரு தொந்தரவும் இல்லை. மழை பிடித்ததிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு தடவை என்று டப் டப்பென்று விழுந்துகொண்டே இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்த பாலெல்லாம் திரிந்து போனது. இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிற எலக்ட்ரீஷியன், 'இது ரொம்ப சென்சிடிவ் சாமான்மா, நம்ம ஊருக்கு ஒத்து வராது' என்று, கரண்ட் அதன் வழியாகப் போகாதபடி டைரக்ட் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கரண்ட் போகவில்லை. ஆனால் போன வாரம் என் மாமியார் காலையில் கொல்லைக் குழாயில் பாத்திரம் துலக்கும்போது கையில் சுருக்கென்றது என்றார். என் கணவர் போய்த் தொட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. 'மழைக்காலத்துல ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும்' என்கிறார். எம்.சி.பி. இருக்கிறது, எர்த் குழியும் இருக்கிறது. இவை போதாதா? அந்த ஆர்.சி.சி.பி. தேவைதானா?"

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலைப் பிறகு படிக்கலாம். முதலில் காலில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஈரமில்லாத கையால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மாடிக்குப் போய் கீசர் ப்ளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கொல்லை லைட் சுவிட்சின் மேல் ஒரு ஸ்டிக்கரோ துண்டுத் தாளோ ஒட்டி, யாரும் போடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆள் வந்து பார்க்கும் வரை அத்தை அந்தக் குழாய்ப் பக்கமே போக வேண்டாம். பாத்திரத்தை அடுப்படித் தொட்டியிலேயே துலக்கட்டும். அதன் பிறகு மெயினைப் போட்டுக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அத்தைக்கு உண்மையிலேயே ஷாக் அடித்திருக்கிறது. ஈரம் கரண்டை உண்டாக்காது. குழாயில் கரண்ட் வந்திருந்தால்தான் ஈரம் அதைக் கடத்தும். உங்கள் கணவருக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அத்தை நின்றது அதிகாலையில், வெறுங்காலோடு, ஈரச் சிமெண்ட்டில், சாம்பலும் சோப்பும் பட்ட ஈரக் கையோடு. அவர் தொட்டுப் பார்த்தது எப்போது? அநேகமாக விடிந்து வெகுநேரம் கழித்து, செருப்புக் காலோடு, மாடியில் எல்லாரும் குளித்து முடித்து கீசரை அணைத்த பிறகாக இருக்கும். அதே குழாய்தான், ஆனால் இரண்டு வேறு நிலைமை. வயதானவர்கள் 'சுருக்குன்னுச்சு' என்று சொல்வதை நரம்புத் தளர்ச்சி என்று தள்ளிவிடுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்.சி.சி.பி.க்கு டைரக்ட் கொடுத்துவிட்ட உங்கள் வீட்டில் இப்போது மிச்சமிருக்கிற ஒரே எச்சரிக்கை அந்த அம்மாவின் கைதான். அதை நம்புங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஃபியூஸ் கேரியரின் வேலையைத்தான் எம்.சி.பி. செய்கிறது. வயரில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினாலோ, கரண்ட் வருகிற ஃபேஸும் திரும்பிப் போகிற நியூட்ரலும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆனாலோ விழும். சுவருக்குள் ஓடுகிற வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. மனிதனைக் காப்பது அதன் வேலையே இல்லை. கணக்கைப் பாருங்கள். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கிற உடம்பின் தடை சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர், அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவாக ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பழைய குண்டு பல்பு எரிகிற மாதிரி. அசையாது. உடம்புக்கோ ஒரு மில்லி ஆம்பியரே சுருக்கென்று தெரியும். பத்து வாக்கில் கைத் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். முப்பதைத் தாண்டி நீடித்தால் மூச்சும் இதயமும் ஆபத்தில். எம்.சி.பி. விழாமல் நிமிர்ந்து நிற்கிற வீட்டில்தான் உயிர் போகிறது.

சரி, எர்த் குழி இருக்கிறதே? இதில்தான் நம் ஊரில் பலருக்கும், எங்கள் தொழிலில் இருக்கிற பலருக்கும்கூட, பிடிபடாத ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கீசருக்குள் ஃபேஸ் வயர் பாடியில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கரண்ட் எர்த் வயர் வழியாகக் கொல்லைக் குழிக்குப் போய், மண்ணுக்குள் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். குழியின் தடை 5 ஓம் என்றால் அது நல்ல குழி. 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். நம் வீடுகளில் போடுகிற 'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. சட்டென்று விழ 80-லிருந்து 160 ஆம்பியர் வரை வேண்டும். 46-க்கு விழும், ஆனால் உடனே அல்ல. சில நொடி ஆறப்போட்டு விழும். அந்தச் சில நொடி பாடியில் கரண்ட் நிற்கும். இது நல்ல குழியின் கதை. முப்பது வருடத்துக்கு முன்னால் போட்டு, மூடியைத் திறந்தே பார்க்காத குழி 50 ஓம் காட்டினால் எனக்கு ஆச்சரியமில்லை. அப்போது ஓடுவது 4.6 ஆம்பியர். எம்.சி.பி. எத்தனை நாளானாலும் விழாது. கீசர் பாடி, குழாய், வாளி எல்லாம் கரண்டோடு நிற்கும். மீட்டர் ஓடும், பில் ஏறும், வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதைவிட மோசமான நிலைமை ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் அதுதான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம். குழியில் இருக்கும் இரும்புப் பைப்போடு எர்த் கம்பியைச் சேர்க்கிற கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போவது. வெளியே பார்த்தால் கம்பி குழிக்குள் போவது தெரியும். மூடியைத் தூக்கி, கம்பியை விரலால் லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி வந்த கம்பிகளை நானே எத்தனையோ தடவை இழுத்திருக்கிறேன். எர்த் கம்பி மண்ணோடு தொடர்பில்லாமல் போனால் என்ன ஆகும்? வீட்டில் உள்ள எல்லா மூணு பின் சாக்கெட்டின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இருக்கிறது. மாடியில் கீசர் லீக் ஆனால், அந்தக் கரண்ட் இறங்க வழியில்லாமல் ஃப்ரிட்ஜ் பாடி, வாஷிங் மெஷின் பாடி, கிரைண்டர், மோட்டார் என்று எல்லாவற்றிலும் போய் நிற்கும். காப்பாற்ற வேண்டிய எர்த் வயரே வீடு முழுக்க ஷாக்கைப் பங்கு வைத்துக் கொடுக்கும். 1994-ல் கட்டிய வீடு என்கிறீர்கள். கொல்லைக் குழாய் ஜி.ஐ. என்கிற இரும்புப் பைப்பாகத்தான் இருக்கும். மாடித் தண்ணீர் பைப்பும் மோட்டார் பைப்பும் அதில்தான் வந்து சேரும். கோளாறு ஒரு மூலையில் இருக்க, ஷாக் இன்னொரு மூலையில் அடிப்பது இப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் தேதிகளையும் நேரத்தையும் எழுதியிருந்தது பெரிய உதவி. பங்குனியில் மாட்டினீர்கள், ஐப்பசி வரை விழவில்லை. அதனால் சாமான் நல்ல சாமான், மழைதான் அதைக் கெடுத்தது என்று எல்லாரும் நினைத்திருப்பீர்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கோடை முழுக்க லீக் இருந்திருக்கலாம். எர்த் விட்டுப்போய், சுவரும் மண்ணும் காய்ந்து கிடந்ததால் கரண்டுக்கு இறங்க வழியில்லை. மழை வந்து சுவர் ஊறியதும் வழி கிடைத்தது. ஆர்.சி.சி.பி. அதைக் கண்டுபிடித்து விழுந்தது.

அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டை மேய்ச்சலுக்கு விடும்போது பட்டி வாசலில் எண்ணி விடுவார்கள். சாயங்காலம் திரும்பும்போது மறுபடி எண்ணுவார்கள். ஆர்.சி.சி.பி. அதைத்தான் செய்கிறது. ஃபேஸில் எவ்வளவு போனது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பியது என்று ஒவ்வொரு கணமும் ஒப்பிடுகிறது. குறைந்தால், அந்தக் குறை வேறெங்கோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள். அது சுவர் வழியாகவும் இருக்கலாம், ஒரு மனிதன் வழியாகவும் இருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதிய சாமான், குறை 15-ஐத் தாண்டியதிலிருந்து 30-க்குள் எங்காவது ஒரு புள்ளியில் விழுந்துவிடும். கண் இமைக்கிற நேரத்தில். எர்த் குழி 5 ஓமா 50 ஓமா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. 46 ஆம்பியருக்கே தயங்கி நிற்கிற இடத்தில், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான லீக்குக்கு இது விழும். அதனால்தான் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பைத் தனியாகக் கேட்கின்றன. எம்.சி.பி., எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றுக்கும் மூன்று வேலை. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பது கிடையாது.

காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு தடவை என்று எழுதியிருந்தீர்கள். சென்சிடிவ் சாமானாக இருந்தால் நேரம் பார்த்தா விழும்? காலையில் போடுவது கீசர். விளக்கு வைக்கிற நேரத்தில் போடுவது கொல்லை லைட், மொட்டை மாடி லைட், வாசல் லைட். இரண்டு வெவ்வேறு இடத்தில் லீக் இருக்கிறது என்று அந்தச் சாமான் ஒரு மாதமாக உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கீசரில் என்ன ஆகியிருக்கும்? போர் தண்ணீரில் உப்பு அதிகம். காயிலைச் சுற்றி வெள்ளையாகப் பாறை மாதிரிப் படியும். சூடு வெளியே போக முடியாமல் காயிலின் மேல் உறை வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும், தண்ணீர் உள்ளே போய் ஃபேஸைத் தொட்டுவிடும். தண்ணீர் வழக்கம்போலச் சுடும், கீசர் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று தோன்றும். ஒன்பது வருடக் கீசர் என்றால் காயிலைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வயதுதான்.

கொல்லை லைட்டுக்கு வருகிறேன். இதே மாதிரி மழைக்காலத்தில், திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் கொல்லைச் சுவரில் லைட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ஸ்குரூ துருவேறி, தலை நசுங்கிப் போயிருந்தது. மூடி வந்ததும் உள்ளே சுவரெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. ஒரு மூலையில் குளவி கட்டிய மண் கூடு, மழையில் ஊறிச் சேறாகி ஜாயின்ட் மேல் வழிந்திருந்தது. ஜாயின்ட்டில் சுற்றிய டேப் பசை விட்டுச் சுருள் சுருளாகக் கழன்று கிடந்தது. அதற்குள் தெரிந்த செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அந்தப் பெட்டியின் காதிலிருந்துதான் துணி காயப்போடுகிற கொடிக்கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரும்புக் கம்பி. எனக்கு அந்த இடத்திலேயே கால் நடுங்கியது. அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், மழை விட்ட ஒரு சாயங்காலத்தில் யாராவது ஈரத் துணியை அந்தக் கம்பியில் போட்டிருப்பார்கள்.

உங்கள் கொல்லையில் கொடி எதில் கட்டியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால் அறுத்துப் போட்டுவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் வயர் போகிற வழியில், லைட் கம்பத்தில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் எதிலும் கட்டாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமாதானம் பேசுவதில்லை.

உங்கள் எலக்ட்ரீஷியனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் செய்தது தவறு. ஆனால் அவரைத் திட்டி அனுப்பிவிடாதீர்கள். நானும் அதே தவறைச் செய்தவன். 2004-ல் ஒரு வீட்டில், அடிக்கடி விழுகிறது, வியாபாரம் கெடுகிறது என்று வீட்டுக்காரர் கத்தியபோது, ஒரு முழ வயரில் டைரக்ட் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெண்ணை வாஷிங் மெஷின் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பையன் மெயினை அணைத்ததால் பிழைத்தார். உள்ளங்கையில் இருந்த தீக்காயத்தைக் காட்டி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அன்றையிலிருந்து எவ்வளவு சண்டை போட்டாலும் நான் டைரக்ட் கொடுப்பதில்லை.

எங்கள் ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், பாயின்ட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. புது லைட் மாட்டினால் காசு. எங்கே லீக் என்று நாள் முழுக்கத் தேடினால், 'என்னத்தப் பண்ணினீங்க, ஒரு ஸ்குரூவைத்தானே முடுக்கினீங்க' என்பார்கள். அதனால் அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப லைன்ல சேர்த்துடுங்க. எங்க லீக்குன்னு தேடிக் கண்டுபிடிங்க. எத்தனை நேரம் ஆனாலும் அதுக்கான கூலியைக் கொடுத்துடுறோம்." இதைக் கேட்டால் நல்ல தொழிலாளி மறுக்க மாட்டார். வயரின் உறையில் லீக் இருக்கிறதா என்று சோதிக்கிற மெகர் கருவி அவரிடம் இல்லையென்றால், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் யாரையாவது அவரே கூட்டிவரட்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தேடுகிற முறையில் பாதி உங்களாலேயே முடியும். ஆர்.சி.சி.பி.யை லைனில் சேர்த்த பிறகு, வீட்டில் உள்ள எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு அதைப் போடுங்கள். நின்றால் வயரிங் பெரும்பாலும் சரி, ஏதோ ஒரு சாமானில்தான் கோளாறு. சாமான்களை ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை ஓரம் கட்டுங்கள். பிறகு லைட்டுகள், ஒவ்வொரு சுவிட்சாக. கீசரையும் கொல்லை லைட்டையும் மட்டும் எலக்ட்ரீஷியன் வந்த பிறகு சோதியுங்கள்.

எல்லாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால், அது உங்கள் வேலை இல்லை. எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே தொடர்பில் இருக்கும். நியூட்ரல் வயர் எங்காவது ஈரச் சுவரிலோ எர்த்திலோ பட்டுக்கொண்டிருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். நியூட்ரல்கள் எல்லாம் சேர்கிற லிங்கிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எலக்ட்ரானிக் சாமான்களையெல்லாம் பிரித்து வைத்துவிட்டு, 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற லைனில் கோளாறு. இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதன் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு கலந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கியிருந்தால் மாடிப்படி லைட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் மீட்டரில் ஃபேஸ், மேல் மீட்டரில் நியூட்ரல் என்று எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்த லைட்டைப் போட்டாலே விழும்.

எர்த் குழியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லி நீங்களும் நின்று பாருங்கள். கிளாம்ப்பை மாற்றி, கம்பியைப் புதிதாக முடுக்கி, எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு மூணு பின் சாக்கெட்டின் எர்த்தும் குழி வரை தொடர்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குழி நன்றாக இருந்து, சுவருக்குள் கம்பி அறுந்திருந்தால் பயன் இல்லை. கோடையில் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிற பழைய வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் விட்டுப்போன கிளாம்ப்பைத் தண்ணீர் ஒட்டவைக்காது.

இன்னொன்றில் கவனமாக இருங்கள். விழுகிறது என்று சொன்னால் சிலர் சாமானை மாற்றித் தருகிறேன் என்பார்கள். மாற்றிய பிறகு விழவே விழாது. முகப்பில் பார்த்தால் 300 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது தீ விபத்தைத் தடுப்பதற்கு மெயினில் போடுகிற அளவு. மனிதனைக் காக்காது. உங்கள் மகன் வாங்கியதில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். அதையே திரும்ப மாட்டுங்கள்.

ஃப்ரிட்ஜ் அணைந்து பால் திரிகிறது என்ற உங்கள் கஷ்டம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருப்பதால்தான் கொல்லை லைட்டின் கோளாறுக்கு ஃப்ரிட்ஜ் தண்டனை அனுபவிக்கிறது. மாடிக்கும் வெளி லைட்டுகளுக்கும் ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிக்கலாம். அல்லது கீசர், மோட்டார், வெளி லைட் லைன்களுக்கு ஆர்.சி.பி.ஓ. போடலாம். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த சாமான் அது. கோளாறு உள்ள லைன் மட்டும் விழும். ஃப்ரிட்ஜுக்குத் தனி ஆர்.சி.பி.ஓ. கொடுத்துவிட்டால் பாலுக்கும் பயமில்லை. ஆனால் ஃப்ரிட்ஜை மட்டும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் டைரக்ட்டாகப் போடச் சம்மதிக்காதீர்கள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடிவந்து முதலில் பிடிப்பது அந்தக் கைப்பிடியைத்தான்.

ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகு எதைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்றும் நினைத்துவிடக்கூடாது. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் போனது அத்தனையும் திரும்பி வந்துவிடும், அதற்குக் குறை தெரியாது, விழாது. அதனால் ஹோல்டரில் விரல் விடுவது, பின் இல்லாமல் வயரை நேராகச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி குத்துவது இதெல்லாம் எப்போதும் ஆபத்துதான். மூணு பின் ப்ளக்கில் மேலே இருக்கிற பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அதை வெட்டிவிட்டு ரெண்டு பின் சாக்கெட்டில் செருகுகிற பழக்கம் உங்கள் வீட்டில் எங்காவது இருந்தால் நிறுத்துங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால், அவரைத் தொடாதீர்கள். மெயினை அணைப்பதுதான் முதல் வேலை. அது எட்டவில்லையென்றால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது தடவை அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அத்தைக்கும், வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் காட்டி வையுங்கள். அதன் முன்னால் அரிசி மூட்டை அடுக்காதீர்கள். தெருவில் வயர் அறுந்து கிடந்தாலோ சர்வீஸ் வயரில் பொறி பறந்தாலோ கிட்டே போகாமல் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

கடைசியாக, ஆர்.சி.சி.பி.யைத் திரும்பச் சேர்த்துவிட்டதாக எலக்ட்ரீஷியன் சொன்னால், அந்த வார்த்தையை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். டைரக்ட் கொடுத்த வீட்டிலும் அந்தச் சாமான் பெட்டிக்குள் லிவர் மேலே நிமிர்ந்தபடி அழகாகத்தான் இருக்கும். அதன் முகத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது அமுக்குங்கள். டப்பென்று விழுந்து வீட்டில் லைட்டெல்லாம் அணைய வேண்டும். லிவர் விழாவிட்டாலோ, விழுந்தும் லைட் எரிந்துகொண்டே இருந்தாலோ, அவரை வாசல் தாண்ட விடாதீர்கள். அணைந்தால் சரி. அதன் பிறகு மாதாமாதம் ஒன்றாம் தேதி ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அந்தப் பொத்தான் சாமானைத்தான் சோதிக்கிறது, எர்த்தை அல்ல. எர்த்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை, கோடையில், மண் காய்ந்து கிடக்கும்போது மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

கீசர் காயிலைக் கழற்றினால் என்ன இருந்தது, குழியில் எத்தனை ஓம் காட்டியது என்று எழுதுங்கள். அத்தை மறுபடி அந்தக் குழாயில் பாத்திரம் துலக்கத் தொடங்கிவிட்டாரா என்பதையும்.